மழைக்கு நாள் குறித்தவர்

என் அக்காவின் கணவர் வானிலை நிலையத்தில் வேலை பார்த்தார். வேலை என்றதும் புயலைக் கண்டுபிடிக்கிற வேலை என்று நினைத்துவிட வேண்டாம். கம்பி வேலிக்குள் நாலு கால் வைத்த வெள்ளை மரப்பெட்டி ஒன்று நிற்கும். அதைத் திறந்து, உள்ளே தொங்கும் வெப்பமானியைப் பார்ப்பார். மழைமானியில் விழுந்த தண்ணீரை அளப்பார். காற்றில் சுற்றும் கிண்ணங்களின் வேகத்தைக் குறிப்பார். குறித்ததை உள்ளே கொண்டுபோய்க் கொடுப்பார். அதை வைத்துக்கொண்டு என்ன நடக்கப்போகிறது என்று சொல்வது மேலதிகாரி அம்மாளின் வேலை. அத்தான் வெறும் தபால்காரர். கடிதம் எழுதியது வேறு ஆள்.

ஆனால் அவர் போய் வந்த பிரார்த்தனை மண்டபத்தில் அவருக்குப் பெயர் 'விஞ்ஞானி'. அலுவலகத்தில் அவருக்குப் பெயர் 'சாமியார்'. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். அத்தான் ஒரே நேரத்தில் இரண்டு ஊருக்கு இலுப்பைப்பூவாக இருந்தார். இரண்டு இடத்திலும் தம்மிடம் இல்லாததற்காக மதிக்கப்பட்டார்.

"அறிவியலும் நம்பிக்கையும் எனக்கு ரெண்டு கண்ணு" என்பது அவர் வழக்கமாகச் சொல்வது. கல்யாண வீட்டில் சொல்வார், சாவு வீட்டில் சொல்வார், ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவர் தூங்காமல் இருந்தால் அவரிடமும் சொல்வார். கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள். தலையாட்டுவதற்கு எந்தச் செலவும் இல்லாத வாக்கியம் அது.

இந்தக் குணம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதை அவரே ஒருமுறை பெருமையோடு சொன்னார். அவருடைய அப்பா ரேடியோ பழுது பார்ப்பவர். கடவுள் என்ற சொல்லைக் கேட்டாலே ஈயம் பற்றவைக்கிற சூட்டுக்கோலை ஓங்குகிற ஆள். அம்மா விடிவதற்கு முன்னால் குளித்துவிட்டு மண்டபத்துக்குப் போகிறவள். இரண்டு பேருக்கும் வாக்குவாதம் முற்றினால் மகனைக் கூப்பிட்டு, யார் சொல்வது சரி என்று கேட்பார்களாம். மகன் முன்னறைக்குப் போய் அப்பா சொல்வதுதான் சரி என்பான். சமையலறைக்குப் போய் அம்மா சொல்வதுதான் சரி என்பான். இரண்டு இடத்திலும் தின்பதற்கு ஏதாவது கிடைத்தது.

"அந்த வயசிலேயே எனக்கு ரெண்டையும் சமாதானமா வச்சுக்கத் தெரிஞ்சிருக்கு பாரு" என்றார் என்னிடம்.

பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் விலாங்கைப் பற்றி எனக்குத் தெரியும். ஆனால் எந்த விலாங்கும் அதைச் சமாதானம் என்று சொல்லிக்கொண்டு நான் கேட்டதில்லை.

அப்போது நான் மருந்துக்கடையில் வேலை பார்த்துக்கொண்டு அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். மாடியில் இரண்டு அறை. கூடத்தில் ஒரு அலமாரி. அதன் மேல்தட்டில் அத்தான் கும்பிடுகிற படமும் விளக்கும். கீழ்தட்டில் அவருடைய கல்லூரிப் புத்தகங்கள். மேலே கையை வைக்கிறபோது கீழே பார்க்க மாட்டார். கீழே குனிந்தால் மேலே ஒரு ஆள் இருப்பதையே மறந்துவிடுவார். புத்தகங்களை அவர் திறந்து நான் பார்த்ததில்லை. விளக்கைத் துடைத்தது அக்கா.

அக்கா வேறு மாதிரி. அவள் உண்மையாகவே கடவுளை நம்புகிறவள். காய்ச்சல் வந்தால் நான் கொண்டுவருகிற மாத்திரையை விழுங்குவாள், பிறகு கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள். எது குணப்படுத்தியது என்று அவள் யாரோடும் வாதாடியதில்லை. நான் கும்பிடுகிறவள் இல்லை. ஆனால் அவள் கண்ணை மூடியிருக்கும்போது பாத்திரத்தைச் சத்தமில்லாமல் வைப்பேன்.

இப்படியே போயிருந்தால் அத்தான் யாருக்கும் கெடுதல் செய்யாத ஒரு சாதாரண அசடாகவே ஓய்வு பெற்றிருப்பார். வறட்சி வந்தது.

குழாயில் காற்றுதான் வந்தது. தெருமுனையில் குடங்கள் ஆட்களைவிட முன்னதாகவே வரிசையில் நின்றன. மண்டபத்தில் மழைக்காகப் பெரிய பிரார்த்தனை நடத்துவதென்று முடிவு செய்தார்கள். மண்டபத்தை நடத்தியவரைப் பெரியவர் என்பார்கள். வயது ஒன்றும் அதிகம் இல்லை. தாடிக்கு மை பூசுகிற வயதுதான். பெரியவர் என்பது அங்கே பதவி. அவர் வருகிற வெள்ளிக்கிழமை என்று நாள் சொன்னார்.

அத்தான் மெல்ல எழுந்து, அவர் காதருகே குனிந்து, "ஐயா, அடுத்த வாரம் நடுவுல வச்சுக்கிட்டா நல்லாருக்கும்" என்றாராம்.

"ஏன், வெள்ளிக்கிழமைக்கு என்ன?"

"கடல் பக்கம் ஒரு காத்தழுத்தத் தாழ்வு உருவாகுது ஐயா. ஆபீஸ்ல பேசிக்கிட்டாங்க."

பெரியவர் ஒரு நிமிஷம் அவரை உற்றுப் பார்த்தார். பிறகு, தமக்கு உள்ளுக்குள் வேறு நாள் உணர்த்தப்பட்டிருப்பதாகக் கூட்டத்துக்கு அறிவித்தார்.

புதன்கிழமை பிரார்த்தனை. பாதியிலேயே கூரையில் சடசடவென்று விழுந்தது. ஜனங்கள் வெளியே ஓடிப்போய் நனைந்தார்கள். அழுதார்கள். பெரியவர் மழையில் கைகளை விரித்து நின்றார். தாடியிலிருந்து கறுப்பாக ஒழுகியதை அன்றைக்கு யாரும் கவனிக்கவில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பார்கள். அதிலாவது காக்கைக்குப் பழம் விழப்போவது தெரியாது.

வீட்டுக்கு வந்த அத்தான் தலையைத் துவட்டிக்கொண்டே சிரித்தார். நான் கேட்டேன்.

"அத்தான், மழை வரப்போகுதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும். அப்புறம் எதுக்குச் சாமிகிட்ட மழை கேட்டீங்க?"

"சமையல் ஆனதும்தானே இலை போடறோம்? அதுக்காகச் சமைச்சவங்களுக்கு நன்றி சொல்லக் கூடாதா?"

"நன்றி சொல்லுங்க. நான் உக்காந்ததாலதான் உலை கொதிச்சதுன்னு சொல்லாதீங்க."

"உனக்கு இதெல்லாம் புரியாதும்மா. மருந்து விக்கிற மூளை."

அன்றிலிருந்து மண்டபத்தில் அவருக்கு முன்வரிசையில் கைவைத்த நாற்காலி போட்டார்கள். பெரியவருக்குப் பிரார்த்தனை வைக்கத் தோன்றும்போதெல்லாம் அத்தானுக்கு ஆள் வரும். அத்தான் அலுவலகத்தில் மேலதிகாரி அம்மாளின் மேஜைப் பக்கம் ஏதோ தேடுவதுபோல் நின்று, மேகம் நகர்வதைக் காட்டும் படங்களைப் பார்த்துவிட்டு வருவார். மழை வருகிற நாளில் கூட்டம் மழை கேட்கும். வெயில் அடிக்கிற நாளில் வெயில் கேட்கும். ஒருமுறை மட்டும் கணக்குத் தவறிவிட்டது. மேகம் கறுத்து வந்து அப்படியே கலைந்து போயிற்று. உங்களுக்குள் யாரோ சந்தேகப்பட்டிருக்கிறீர்கள் என்று பெரியவர் கூட்டத்தைக் கடிந்துகொண்டார். அத்தான் வீட்டுக்கு வந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். அன்று முழுக்க நான் கடையில் இருமல் மருந்து விற்றுக்கொண்டிருந்தேன். மேகத்தைக் கலைக்க எனக்கு ஏது நேரம்?

மேலதிகாரி அம்மாளின் காதுக்கு விஷயம் எட்டியது. ஒருநாள் மருந்து வாங்க என் கடைக்கு வந்தவர், நான் இன்னார் மைத்துனி என்று தெரிந்ததும் கொஞ்ச நேரம் நின்றார். கழுத்தில் அவர் கும்பிடுகிற சாமியின் சின்னம் தொங்கியது.

"உங்க அத்தான்கிட்ட நான் சொன்னா ஆபீசர் திட்டுறாங்கன்னு நினைப்பார். நீங்க சொல்லுங்க. நானும் தினமும் கும்பிட்டுட்டுத்தான் வேலைக்கு உக்காருறேன். படத்துல புயல் தெரிஞ்சா அப்பவும் கும்பிடுவேன். ஆனா தெரிஞ்சது தெரிஞ்சதுதான். அதைக் கூட்டிச் சொல்றதோ குறைச்சுச் சொல்றதோ சாமிக்கும் செய்யற துரோகம்."

நான் அப்படியே போய்ச் சொன்னேன். "அந்தம்மாவுக்கு ரெண்டும் சேரலை, அதான் பயப்படுறாங்க" என்றார் அத்தான்.

மறு வருஷம் புயல் வந்தது.

இது நிஜமான புயல். ஊரின் தாழ்வான பகுதியில், வாய்க்காலை ஒட்டி ஒரு தெரு உண்டு. கரையைவிடப் பள்ளத்தில் வீடுகள். மண்டபத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அந்தத் தெருக்காரர்கள். அத்தானின் கூடப்பிறந்த மூத்தவளும் அங்கேதான் இருந்தாள். அக்கா அவளை அண்ணி என்பாள். எனக்கும் அந்தப் பழக்கம்தான். அண்ணியின் கணவர் பஸ் ஓட்டி ஓய்ந்தவர், மூச்சிரைப்புக்காரர். அவர் உறிஞ்சுகிற மருந்தை மாதாமாதம் நான்தான் கொண்டுபோய்க் கொடுப்பேன். டிரைவர் மாமா என்று கூப்பிடுவேன்.

மேலதிகாரி அம்மாள் எச்சரிக்கை விடுத்தார். வாய்க்கால் தெருவைக் காலி செய்து பள்ளிக்கூடக் கட்டடத்துக்குப் போகச் சொல்லி வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். ஜனங்கள் பாதி மூட்டை கட்டிவிட்டு, பெரியவர் என்ன சொல்கிறார் என்று கேட்க மண்டபத்துக்கு வந்தார்கள். நானும் அக்காவோடு போயிருந்தேன். நெரிசலில் முன்னால் தள்ளப்பட்டதால் பெரியவரும் அத்தானும் பேசியதை நான் காதால் கேட்டேன்.

"விஞ்ஞானி, எப்பத் திரும்பும் இது?"

"ஐயா, இது திரும்பாதுன்னு ஆபீஸ்ல..."

"ஆபீஸ்ல சொல்றது எல்லாம் நடந்திருக்கா? போன தடவை மேகம் வந்து கலைஞ்சு போகலையா?"

"அது வேற ஐயா."

"நூத்துக்கு நூறு இங்கதான் வரும்னு எழுதிக் குடுப்பாங்களா?"

அத்தான் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். "நூத்துக்கு நூறு யாரும் சொல்ல முடியாது ஐயா. கொஞ்சம் விலக வாய்ப்பு எப்பவும் உண்டு."

அவ்வளவு போதுமாக இருந்தது. பெரியவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். "விஞ்ஞானமே உறுதியாச் சொல்லலை. நம்ம விஞ்ஞானி இங்கேயேதான் உக்காந்திருக்கார். திரும்ப வாய்ப்பு இருக்குன்னு அவர் வாயால சொல்றார். வாய்ப்புக் கதவு திறந்திருக்கு, நம்ம பிரார்த்தனைதான் அதுக்குள்ள நுழையணும். வீட்டை விட்டு ஓடுறவங்க நம்பிக்கையை விட்டு ஓடுறாங்க. அப்படித்தானே?" என்று அத்தான் பக்கம் திரும்பினார்.

மண்டபம் முழுக்க அத்தானைப் பார்த்தது. கைவைத்த நாற்காலியில் அவர் இரண்டு கைப்பிடியையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாயைத் திறந்தார். திறந்ததை மூடினார். பிறகு தலையை ஆட்டினார். மேலும் கீழுமாக, தெளிவாக, பின்வரிசை வரைக்கும் தெரிகிற மாதிரி.

அன்று காலையிலேயே தம்முடைய ஸ்கூட்டரை மேட்டுத் தெருவில் நண்பர் வீட்டில் நிறுத்திவிட்டு வந்த மனிதர் அவர். வீட்டில் மெழுகுவத்தியும் ரொட்டியும் வாங்கி வைத்திருந்தார். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்பதை வேடிக்கையாகச் சொல்வார்கள். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணிக்குத் தொலைபேசினார். குரலைத் தணித்துக்கொண்டு பேசினார், சுவருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோல்.

"அக்கா, நீயும் மாமாவும் இங்க வந்துடுங்க."

தொலைபேசி என்றாலே அண்ணி கத்தித்தான் பேசுவாள். அவள் சொன்னது எங்களுக்கும் கேட்டது. "ஏன்டா, நீதானே தலையாட்டினே? ஒண்ணும் ஆகாதுன்னு?"

"அது வேற அக்கா. அது மண்டபத்துல."

"மண்டபத்துல ஒண்ணு, வீட்டுல ஒண்ணா? நான் எதுக்கு வரணும், காரணத்தைச் சொல்லு."

காரணத்தைச் சொல்ல அவருக்கு ஒரே ஒரு வாக்கியம் போதும். 'நான் பொய்யாகத் தலையாட்டினேன்.' அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "சும்மா, பொழுது போகட்டுமேன்னு" என்றார். புயலுக்கு முந்தின நாள், மூச்சிரைப்புக்காரரை அழைத்துக்கொண்டு, பொழுதுபோக்க வரச் சொல்கிறார். அண்ணி வைத்துவிட்டாள்.

அக்கா சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கை ஈரத்தைத் துடைத்தாள். "வாடி, போகலாம்" என்றாள் என்னிடம்.

"காத்து ஏறிக்கிட்டே வருது, எங்க போறே?" என்றார் அத்தான்.

"நீங்க ஆட்டின தலையை இறக்கி வச்சிட்டு வரேன்."

மழை சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. குடையை விரித்ததும் அது காற்றில் மறுபுறமாகத் திரும்பிக்கொண்டது, ஒரு சுவரோரம் அதைப் போட்டுவிட்டு நடந்தோம். வாய்க்கால் தெருவில் அக்கா முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்தாள். அவள் குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அன்று காற்றுக்கு மேல் பேசினாள்.

"என் வீட்டுக்காரர் சொன்னது பொய். மழைக்கு நாள் குறிச்சுக் குடுத்ததே அவர்தான். ஆபீஸ்ல பாத்துட்டு வந்து சொல்லுவார், அதுக்கப்புறம்தான் நீங்க பிரார்த்தனை பண்ணினீங்க. நானும்தான் பண்ணினேன். இந்தப் புயல் வருது. பிள்ளைகளைத் தூக்கிட்டுக் கிளம்புங்க."

சிலர் அவளைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் மூட்டையை எடுத்தார்கள். நிறையப் பேர் கதவைச் சாத்தினார்கள். தையல் கடை வைத்திருந்த ஒருத்தி, "புருஷனுக்கு மரியாதை கூடினா சில பொண்டாட்டிகளுக்குப் பொறுக்காது" என்று எங்கள் காதுபடவே சொன்னாள். உண்மையைச் சொன்னதற்கு அக்காவுக்குக் கிடைத்த கூலி அது.

அண்ணி கதவைத் திறந்து, அக்காவை உள்ளே இழுத்துத் தலையைத் துவட்டிவிட்டாள். கட்டிலில் டிரைவர் மாமா இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். அக்கா எல்லாவற்றையும் திரும்பச் சொன்னாள். அண்ணி பொறுமையாகக் கேட்டாள்.

"உனக்கு உன் புருஷன் மேல நம்பிக்கை இல்லை. எனக்கு என் தம்பி மேல இருக்கு. படிச்சவன், சாமி கும்பிடுறவன். ரெண்டும் தெரிஞ்சவன் தப்பாவா சொல்லுவான்?" என்றாள்.

நான் டிரைவர் மாமாவைப் பார்த்தேன். அவர் மனைவியைப் பார்த்துவிட்டு, "அவ வந்தா நான் வரேன்" என்றார். அவளைத் தூக்கிக்கொண்டு போக எங்களால் முடியாது. மருந்துக் குப்பியை அவர் கையில் வைத்துவிட்டு வந்தேன்.

விடிகிற நேரத்தில் வாய்க்கால் கரை உடைந்தது. அண்ணியையும் மாமாவையும் பரண்மேல் இருந்து, கூரையைப் பிரித்துப் படகில் இறக்கியபோது சாயங்காலம் ஆகிவிட்டது. அத்தனை நேரம் நனைந்து கிடந்த மூச்சிரைப்புக்காரர் என்ன ஆவார் என்று மருந்துக்கடைக்காரிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தார். அந்தத் தெருவில் இறந்தவர்களில் அவர்தான் கடைசி. தையல் கடைக்காரி பிழைத்தாள், அவளுடைய மாமனார் பிழைக்கவில்லை.

இறந்தவர்களுக்காக மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். முழு ஊரையும் அழிக்க வந்த புயலைப் பிரார்த்தனைதான் ஒரே தெருவோடு நிறுத்தியது என்றார் பெரியவர். பிறகு அத்தானைப் பேச அழைத்தார்கள். அவர் அழுதார். அந்த அழுகை பொய் என்று நான் சொல்ல மாட்டேன். கண்ணீர் எல்லாருக்கும் வரும், அதற்கு நேர்மை தேவையில்லை. கண்ணைத் துடைத்துவிட்டு, "விஞ்ஞானத்துக்கு எல்லை உண்டு, நம்பிக்கைக்குச் சோதனை உண்டு, ரெண்டுக்கும் எந்தச் சண்டையும் இல்லை" என்றார். சிலர் விம்மினார்கள். சண்டை இல்லைதான். இரண்டையும் இவர் ஒருவரே விற்றுவிட்ட பிறகு, சண்டை போட யார் மிச்சம்?

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்து தங்கினாள். ஒருநாள் அத்தான் சாப்பிட்டுக் கை கழுவும்போது, துண்டை நீட்டிக்கொண்டே கேட்டாள்.

"அன்னைக்குத் தெரிஞ்சுதான் தலையாட்டினியா?"

அத்தான் கையைத் துடைத்தார். நிறைய நேரம் துடைத்தார். "அக்கா, இதெல்லாம் ஒரேயடியா தெரியும் தெரியாதுன்னு சொல்ற விஷயம் இல்லை" என்றார்.

அண்ணி துண்டைத் திரும்ப வாங்கி, கொடியில் போட்டாள். அதற்குப் பிறகு அவரிடம் அவள் எதையும் கேட்கவில்லை. மணி என்ன என்றுகூட என்னிடம்தான் கேட்பாள்.

மேலதிகாரி அம்மாள் அவரை வேலையை விட்டு அனுப்பவில்லை. படங்கள் இருக்கும் அறைப் பக்கம் வரக் கூடாது என்று மட்டும் சொன்னார். ஓய்வு பெறும்வரை வெள்ளைப் பெட்டியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற பிறகு பள்ளிக்கூடங்களுக்குப் பேசப் போகிறார். தலைப்பு என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சால்வை போடுகிறார்கள். வாய்க்கால் தெருவைப் பற்றி அங்கே யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் பதில் வைத்திருப்பார்.

அக்கா மண்டபத்துக்குப் போவதை நிறுத்திவிட்டாள். வீட்டில் கும்பிடுகிறாள், அவர் இல்லாத நேரமாகப் பார்த்து. எச்சரிக்கை வந்தால் அவளும் நானும் வாய்க்கால் தெருவுக்குப் போய்க் கதவைத் தட்டுகிறோம். இப்போது யாரும் காரணம் கேட்பதில்லை. மண்டபத்தில் என்ன சொல்கிறார்கள் என்றும் கேட்பதில்லை. சுவரில் தண்ணீர் நின்ற கறை இன்னும் ஆள் உயரத்தில் இருக்கிறது. மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

போன மழைக்கு அண்ணியும் எங்களோடு பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தாள். மாடி வீட்டில் இருப்பவளுக்கு வரவேண்டிய அவசியமே இல்லை. ஜன்னலோரம் பாய் விரிக்கிற இடத்துக்காகத் தையல் கடைக்காரியோடு சண்டை பிடித்து, ஜெயித்து, அங்கே உட்கார்ந்து, மூச்சு வாங்கிய ஒரு கிழவருக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.